முக்கோணத் துணியும் எட்டு முனைச் சிலுவையும்

ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள பருத்தித் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். முதலுதவித் தொண்டர் ஒருவரின் தோள்பையைத் திறந்தால் அதில் கட்டாயம் இருக்கும் பொருள் இது. முறிந்த கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடலாம். தலையில் பட்ட வெட்டுக்கு மேலே வைத்து இறுக்கிக் கட்டலாம். ஒடிந்த காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டலாம். பல மடிப்பாக மடித்துப் பீறிடும் குருதியின் மேல் வைத்து அமுக்கலாம். இத்தனைக்கும் அந்த ஒரே துணிதான்.

ஏன் முக்கோணம்? விடை நெசவில் இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பாவு நூல் ஓடும் திசையில் இழுத்தால் துணி கொடுக்காது. ஊடு நூலின் திசையில் இழுத்தாலும் அப்படியே. எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுங்கள். துணி இளகி நீளும். நூல் நீண்டதால் வந்த நீட்சி அல்ல இது. சதுரக் கட்டங்களாக நின்ற பாவும் ஊடும் சாய்ந்து சாய்சதுரங்களாகின்றன, அவ்வளவுதான். கையை விட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சட்டைக் கழுத்து வளைவுக்குத் தையற்காரர்கள் ‘கிராஸ் பீஸ்’ வெட்டி வைப்பதும் இந்தக் குணத்தை நம்பித்தான். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டும்போது முக்கோணத்தின் நீண்ட விளிம்பு சரியாக இந்தக் குறுக்குத் திசையில் அமைகிறது. அதனால் முழங்கை, மண்டை, குதிக்கால் போன்ற வளைவான இடங்களில் அது ஒட்டிப் படிகிறது. இறுக்கமாகவும் இருக்கிறது, வெட்டி இறுகுவதும் இல்லை. இறப்பர் நாடா எதுவும் இல்லாமலே நீட்சியுள்ள கட்டுத்துணியை வெறும் கத்தரிக்கோலால் உண்டாக்கியிருக்கிறார்கள்!

இந்தத் துணியை உலகெங்கும் பரப்பியவர் ஃபிரீட்ரிக் ஃபொன் எஸ்மார்க். ஜேர்மனியின் கீல் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்களில் காயப்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவர். அவருக்கு முன்பே சுவிற்சர்லாந்தில் மத்தியாஸ் மேயர் என்ற வைத்தியர் கைக்குட்டைகளால் கட்டும் முறையைச் சொல்லியிருந்தார். எஸ்மார்க் செய்த புதுமை வேறு. துணியை எப்படியெல்லாம் கட்டலாம் என்பதைக் காட்டும் மனித உருவங்களை அந்தத் துணியிலேயே அச்சிட்டுக் கொடுத்தார். படிப்பு இல்லாத சிப்பாயும் தன் பக்கத்தில் விழுந்தவனுக்குக் கட்டுப்போடலாம். வைத்தியர்களின் அறிவைச் சாதாரண மனிதரின் கைக்கு மாற்றிய முயற்சிகளில் இதைவிட அழகான ஒன்றை நான் அறியேன்.

மட்டக்களப்பில் இந்த அறிவு யார் கையில் இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. காரணம் நிலத்தின் அமைப்பு. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் பரந்த படுவான்கரை. போதனா வைத்தியசாலை மட்டுநகரில் இருக்கிறது, ஆதார வைத்தியசாலை களுவாஞ்சிகுடியில் இருக்கிறது. படுவான்கரையில் வயல் வெட்டும்போது ஒருவருக்கு ஏதும் நடந்தால் இடையில் தண்ணீர் நிற்கிறது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் நெடுங்காலமாகச் சனத்தைக் கடத்தியது ‘பாதை’ என்று அழைக்கப்படும் மிதவைதான். 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனையிலும் அதுதான் நிலை. இப்போது 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய இலவசச் சேவை அது. பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆனாலும் அம்புலன்ஸ் வீதியில்தான் ஓடும். எவ்வளவு விரைந்தாலும் சில நிமிடங்கள் ஆகும்.

அந்தச் சில நிமிடங்கள் என்னவென்று மூளைக்குத் தெரியும். உடல் நிறையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஓய்வாக இருக்கும் உடல் எடுக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 பங்கை அதுவே செலவழிக்கிறது. சேமித்து வைக்க அதற்கு இடமில்லை. குருதியோட்டம் நின்றால் சில விநாடிகளில் நினைவு போய்விடும். நான்கைந்து நிமிடங்களில் நரம்புக் கலங்கள் மீளாத சேதத்துக்குள் இறங்கத் தொடங்கும். அந்த இடைவெளியில் அங்கே நிற்பவர் யாரோ, அவரே அந்த நோயாளிக்கு முழு மருத்துவத்துறை. 

அங்கே நிற்பவரைத் தயார்ப்படுத்தும் எண்ணம் புதிதல்ல. தண்ணீரில் விழுந்தவரை மீட்பதற்கென்று பொதுமக்கள் சங்கம் அமைத்த முதல் நகரங்களில் ஒன்று ஆம்ஸ்ரர்டாம். கால்வாய்களின் நகரம் அது. 1767இல் அங்கே நீரில் மூழ்கியோரை மீட்கும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையில் பறந்ததும் ஒல்லாந்தரின் கொடிதான். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் பிடித்த கோட்டை அது; 1795இல் அதை இழந்தார்கள். தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்த உடலை இறந்ததாகக் கைவிடாதே, வாயோடு வாய் வைத்து ஊது, உடலைச் சூடாக்கு என்று அந்தச் சங்கம் அறிவுரை அச்சிட்டு வழங்கியது. உயிரை மீட்டவருக்குப் பதக்கமோ பணமோ கொடுத்தது. புகையிலைப் புகையை மலவாசல் வழியே ஏற்றச் சொன்ன பகுதி இன்று விசித்திரமாகத் தோன்றும். வாயால் ஊதச் சொன்னது மட்டும் சரி என்று விஞ்ஞானம் ஒப்புக்கொள்ள இன்னும் ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆயின. 1774இல் இலண்டனிலும் இப்படி ஒரு சங்கம் தோன்றியது.

நாம் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் என்று அறிந்த தொண்டு இயக்கத்தின் வேர் ஜெருசலேம்வரை போகிறது. 11ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்காக நடந்த மருத்துவ விடுதியில் பிறந்த துறவியர் அமைப்பு அது. எட்டு முனைகள் கொண்ட வெள்ளைச் சிலுவை அவர்களுடைய சின்னம். இங்கிலாந்தில் 1877இல் அதே பெயரில் முதலுதவி கற்பிக்கும் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டு வூல்விச் என்ற இடத்தில் இராணுவ வைத்தியர் பீற்றர் ஷெப்பர்ட் பொதுமக்களுக்கு முதல் வகுப்புகளை எடுத்தார். கைநூல் ஒன்றும் எழுதினார். 1879 ஜனவரி 22ஆம் திகதி தென்னாபிரிக்காவின் இசண்டில்வானாப் போரில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய நூல் நெடுங்காலம் வாழ்ந்தது. 

சங்கம் படிப்பித்தது, சான்றிதழ் கொடுத்தது. சீருடை அப்போது இல்லை. 1887இல் விக்ரோறியா மகாராணி அரியணை ஏறிய 50ஆம் ஆண்டு விழாவுக்கு இலண்டன் வீதிகளில் பெருங்கூட்டம் திரண்டது. மயங்கி விழுவோருக்கும் நெரிபடுவோருக்கும் உதவத் தொண்டர்கள் அணியாக இறங்கினார்கள். படையணி என்ற அமைப்பு பிறந்தது அந்த ஆண்டில்தான். கறுப்பு உடையும் வெள்ளைத் தோள்பையும் அதன் பின்னர் அந்த இயக்கத்தின் அடையாளங்களாகிவிட்டன. வகுப்பறையில் சீருடை தேவைப்படவில்லை என்பதையும், சனக்கூட்டத்துக்குள் இறங்கிய உடனே தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் கூடும் சனத்தை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெயில், விரதம், நெருக்கம். நீண்ட நேரம் அசையாமல் நிற்பவரின் குருதி கால்களில் தேங்குகிறது. வெப்பத்தால் தோலின் குருதிக் குழாய்கள் விரிந்திருக்கின்றன. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து, மூளைக்குப் போகும் அமுக்கம் தளர்ந்து, கண் இருண்டு ஆள் விழுகிறார். விழுவதே உடல் செய்துகொள்ளும் வைத்தியம். படுத்த உடலில் குருதி மேலே ஏறவேண்டியதில்லை. நம்மவர்கள் செய்வது என்ன? அவரைத் தூக்கி நிமிர்த்தி இருத்துகிறார்கள், சுற்றி நின்று காற்றை மறிக்கிறார்கள், நினைவில்லாத வாயில் சோடா ஊற்றுகிறார்கள். வலிப்பு வந்தவரென்றால் யாராவது ஒருவர் இடுப்பிலிருந்து திறப்புக் கோர்வையை எடுத்து அவர் கைக்குள் திணிக்கிறார். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிடங்களில் தாமாக நிற்பதால் திறப்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. தலை அடிபடாமல் ஏதும் மெத்தென்று வைத்து, வாய்க்குள் எதையும் நுழைக்காமல், வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பதே செய்யவேண்டியது. ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் வைத்தியசாலை.

இந்தக் கூட்டத்துக்குள் சரியானதைத் தெரிந்த ஒருவர் சாதாரண உடையில் வந்து, “தள்ளுங்கோ, காத்து வரட்டும்” என்றால் யாரும் அசைவதில்லை. தோளில் சிலுவைச் சின்னத்தோடு ஒரு பத்தாம் ஆண்டு மாணவி வந்து அதையே சொன்னால் வழி திறக்கிறது. ஏன்?

உளவியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1968இல் அமெரிக்காவில் ஜோன் டார்லியும் பிப் லட்டானேயும் செய்த பரிசோதனை புகழ்பெற்றது. தனி அறையில் இருக்கும் ஒருவர், பேசும் கருவி வழியே இன்னொருவருக்கு வலிப்பு வருவதைக் கேட்கிறார். கேட்பது தான் மட்டுமே என்று நம்பியவர்களில் நூற்றுக்கு 85 பேர் வலிப்பு முடிவதற்குள் உதவி கேட்டு வெளியே வந்தார்கள். வேறு நால்வரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் வெளியே வந்தவர்கள் நூற்றுக்கு 31 பேர்தான். கல்நெஞ்சம் காரணமல்ல, பொறுப்பு எல்லோருக்கும் பங்கு போடப்பட்டதால் ஒருவரிடமும் போதிய அளவு எஞ்சவில்லை. 1974இல் லெனார்ட் பிக்மன் நியூயோர்க் வீதிகளில் வேறொன்றைச் சோதித்தார். அவருடைய உதவியாளர்கள் சாதாரண உடையிலும், பால்காரர் உடையிலும், காவலாளி போன்ற உடையிலும் நின்று, வழிப்போக்கர்களிடம் கீழே கிடக்கும் பையை எடுக்கச் சொல்வதுபோன்ற சிறு கட்டளைகளை இட்டார்கள். காவலாளி உடைக்குத்தான் அதிகம் பேர் பணிந்தார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொண்டரின் சீருடை செய்யும் வேலை தெரிகிறது. சிதறிக் கிடக்கும் பொறுப்பை அது ஓர் ஆளில் கொண்டுவந்து சேர்க்கிறது. அதோடு, முன்பின் தெரியாத ஒருவரின் உடலைத் தொடும் அனுமதியையும் தருகிறது. நமது ஊரில் இது சிறிய விடயமல்ல. மயங்கிய பெண்ணின் இறுக்கமான உடையைத் தளர்த்தவோ, முதியவரின் நெஞ்சில் கை வைக்கவோ ஓர் இளைஞன் தயங்குவான். பார்ப்பவர்களும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சின்னம் அந்தத் தயக்கத்தை இரு பக்கமும் போக்குகிறது. வைத்தியரின் வெள்ளை மேலங்கியை அணிந்தவரின் சொந்தக் கவனமே அதனால் கூர்மையாகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் அந்தப் பரிசோதனையை மீண்டும் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே துணி கற்றுத்தராது. உடைக்குள் இருப்பவர் படித்திருந்தால்தான் உடைக்குப் பொருள் உண்டு.

சின்னங்களில் சனம் குழம்புவதும் உண்டு. வெள்ளையில் செஞ்சிலுவை 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையோடு வந்தது. சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை இடம் மாற்றிய வடிவம். போரில் காயப்பட்டோரையும் அவர்களைக் கவனிப்போரையும் சுடாதே என்பதே அதன் பொருள். எட்டு முனை வெள்ளைச் சிலுவை சென் ஜோன்ஸினுடையது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் செஞ்சிலுவையைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்கிறது. மருந்துக்கடைப் பலகையில் அதை வரைவது அழகுக்காகச் செய்யும் சிறு தவறுபோலத் தெரியலாம். ஆனால் போரைப் பார்த்த மாவட்டம் இது. அந்தச் சின்னம் எங்கும் மலிந்து அதன் பொருள் தேய்ந்தால், மறுபடி தேவைப்படும் நாளில் அது யாரையும் காக்காது.

இனி நிறம். மாலை மங்கும் நேரத்தில் வேலியோரத்துச் செவ்வரத்தம் பூவைக் கவனியுங்கள். பகலில் இலைகளை மீறிப் பளிச்சிட்ட பூ கறுத்துவிடும். பச்சை இலைகள் அதைவிட வெளிச்சமாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு விஞ்ஞானி யான் புர்க்கின்யே இதைப் பதிவு செய்தார். நமது விழித்திரையில் இரண்டு வகைக் கலங்கள் வேலை செய்கின்றன. பகலில் கூம்புக் கலங்கள். அவற்றின் கூட்டு உணர்வு 555 நானோமீற்றர் அலைநீளத்தில், மஞ்சள் கலந்த பச்சையில், உச்சம் பெறுகிறது. இருளில் கோல் கலங்கள். அவற்றின் உச்சம் 507 நானோமீற்றர் அளவில், நீலம் சாய்ந்த பச்சையில். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டுத்தான். ஆகவே அந்தியில் செஞ்சிலுவை கருஞ்சிலுவையாகத்தான் தெரிகிறது. பின்னால் வெள்ளை இருப்பதால் வடிவம் தப்புகிறது. கறுப்பு மேல் வெள்ளை வைத்த சென் ஜோன்ஸ் சின்னத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. எந்த வெளிச்சத்திலும் அதன் வேறுபாடு குலையாது.

இன்று தொண்டர்கள் அணியும் மஞ்சட்பச்சை மேலங்கி பகற்கண்ணின் உச்சத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. அதன் சாயம் நமது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உறிஞ்சி, மஞ்சட்பச்சையாக மாற்றி வெளிவிடுகிறது. அதனால் தன்மேல் விழும் மஞ்சட்பச்சை ஒளியைவிடக் கூடுதலாகவே அது திருப்பித் தருகிறது. துணி தானே எரிவதுபோலத் தோன்றுவது இதனால்தான். விடியலிலும் மழைமூட்டத்திலும் வானொளியில் நீலப்பங்கு கூடுதல் என்பதால் மற்ற நிறங்கள் மங்கும்போது இது எடுப்பாக நிற்கும். சூரியன் முழுதாக மறைந்தபின் இந்தச் சாயத்தால் பயனில்லை.

இரவுக்கு வேறு வித்தை. மேலங்கியில் ஓடும் சாம்பல் நிறப் பட்டையை ஒரு கைவில்லையால் பாருங்கள். மணலைவிட நுண்ணிய கண்ணாடி மணிகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்களவு. வாகன வெளிச்சம் மணிக்குள் நுழையும்போது வளைந்து, பின்புறத்தில் ஒரு புள்ளியில் குவிகிறது. அங்கே மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கிறது. பட்டுத் தெறித்த ஒளி அதே வளைவு வழியே வெளியேறி, வந்த திசைக்கே திரும்புகிறது. சாதாரணக் கண்ணாடி ஒளியை வேறு பக்கம் எறிந்துவிடும். இந்த மணி, எங்கிருந்து வந்ததோ அங்கேயே அனுப்புகிறது. சாரதியின் கண் முன்விளக்குக்குச் சற்று மேலேதான் இருப்பதால் அவருக்கு மட்டும் பட்டை தீப்பற்றியதுபோலத் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அது வெறும் சாம்பல் துணி. இரவில் வாவியில் ரோச் அடிப்பவர்களுக்கு இந்தப் பௌதிகம் பழக்கமானது. வெளிச்சம் பட்டதும் இறாலின் கண்கள் செந்தணலாக மின்னும். முதலையின் கண்களும் அப்படியே. கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் அமைப்பும் பின்னால் ஒரு தெறிப்புப் படலமும் இருக்குமிடமெல்லாம் இது நடக்கும்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். மணியின் மேல் நேரடியாகக் காற்று இருக்கும்போதுதான் ஒளி சரியான அளவு வளையும். நனைந்து நீர்ப்படலம் மூடிவிட்டால் குவியும் புள்ளி பின்னால் தள்ளிப்போய், பட்டை மங்கிவிடும். மாரி மழையில், வெள்ளக் காலத்தில், வாவிக்கரையில் நிற்கும் தொண்டருக்கு இந்தப் பட்டை மட்டும் போதாது. தலையில் ஒரு விளக்கும் வேண்டும். 

வாவிக்கு வருவோம். நீரில் மூழ்குவோர் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று படங்கள் நம்மை நம்பவைத்திருக்கின்றன. உண்மையில் பெரும்பாலும் ஓசையே இராது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்செடுக்கவே நேரம் போதாது; குரல் எங்கிருந்து வரும்? கைகள் தம் போக்கில் பக்கவாட்டில் நீரை அமுக்கும். ஆட்டிக் காட்ட முடியாது. இந்த நிலை ஒரு நிமிடம்கூட நீடிக்காமல் ஆள் தாழ்ந்துவிடலாம். வாவி பல இடங்களில் ஆழம் குறைந்தது என்பது ஆறுதல் தராது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு இடுப்பளவு நீரும் ஆழம்தான். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போகும் சம்பவங்கள் எத்தனை! முதலில் எறிய ஏதும் தேடவேண்டும். கயிறு, வெறும் பிளாஸ்ரிக் கேன், சவள், அவிழ்த்த சாரம், எதுவானாலும்.

கரையில் கொண்டுவந்த பிறகு நமது வழக்கம் வயிற்றை அமுக்குவது. சிறுபிள்ளை என்றால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது. தண்ணீர் உள்ளே போனதால்தான் இறப்பு, ஆகவே தண்ணீரை வெளியேற்றவேண்டும் என்ற எண்ணம் அது. நுரையீரலுக்குள் பெரும்பாலும் போவது கொஞ்ச நீர்தான். அந்தக் கொஞ்சமே காற்றறைகளின் உட்புறத்தைப் பூசியிருக்கும் மெல்லிய சவர்க்காரத் தன்மையுள்ள படலத்தைக் குலைத்துவிடுகிறது. படலம் போனால் நீரின் பரப்பிழுவிசை அந்தச் சின்னஞ்சிறு அறைகளைச் சுருட்டி ஒட்டவைக்கும்; காற்று நுழைய முடியாது. வயிற்றை அமுக்கும்போது வெளியே வருவது இரைப்பையில் விழுங்கிய நீர். அது உணவோடு சேர்ந்து தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழாயில் இறங்கினால் எஞ்சிய வழியும் அடைபடும். அதைவிடக் கொடியது, அமுக்குவதில் போன நேரம்.

மூழ்கியவருக்குத் தேவை காற்று. இதயநோயால் விழுந்தவரின் குருதியில் சிறிது நேரம் ஒட்சிசன் எஞ்சியிருக்கும்; மூழ்கியவரிடம் அதுதான் முதலில் தீர்ந்துபோனது. எனவே மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுவதில் தொடங்கவேண்டும். நாம் வெளிவிடும் காற்று கழிவுக் காற்றல்ல. உள்ளே எடுக்கும் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கு. வெளிவிடுவதில் இன்னும் 16, 17 பங்கு மீந்திருக்கிறது. ஓர் உயிரைத் தாங்க அது போதும். பின்னர் நெஞ்சின் நடுவே 30 அமுக்கம், 2 மூச்சு. ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட்டு. சிறுவர்களுக்கு நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு ஆழம்.

இந்த எளிய செய்கையைக் கண்டடைய மனிதர் பட்ட பாடு பெரிது. 1858இல் சில்வெஸ்ரர், 1903இல் ஷேஃபர், 1932இல் ஹோல்கர் நீல்சன் என்று ஒவ்வொருவரும் கையைத் தூக்கியும் முதுகை அமுக்கியும் மூச்சு வரவைக்கும் முறைகளைத் தந்தார்கள். முதலுதவி நூல்கள் பல தலைமுறைக்கு அவற்றைக் கற்பித்தன. 1950களில் ஜேம்ஸ் ஈலம், பீற்றர் சஃபார் என்ற இரு அமெரிக்க மயக்கவியல் வைத்தியர்கள் அவற்றைச் சோதித்தார்கள். பால்ரிமோரில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும் தாமாக முன்வந்து படுத்தார்கள். மருந்தால் அவர்களுடைய தசைகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. சுயமாக மூச்சுவிட முடியாது. முதுகை அமுக்கும் முறைகளில் போதிய காற்றுப் போகவில்லை. வாயோடு வாய் ஊதியபோது, ஊதியவர் மருத்துவம் படிக்காதவராக இருந்தபோதும், காற்று தாராளமாகப் போனது. இன்னொருவரின் மூச்சை நம்பித் தம் உயிரைக் கிடத்திய அந்தத் தொண்டர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. 1960இல் நெஞ்சை அமுக்கும் முறையை வெளியிட்ட மூவரில் முதல்வரான கூவென்ஹோவன் ஒரு மின்பொறியியலாளர். நாயின் நெஞ்சில் மின்தகடுகளை அழுத்திவைத்தபோதே குருதியமுக்கம் ஏறுவதை அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அங்கிருந்து பிறந்தது அது.

வாவியும் வயலும் தரும் மற்ற ஆபத்துகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருக்கை வால் அடித்தாலோ கெளுத்தி முள் ஏறினாலோ, தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸில், அரை மணி முதல் ஒன்றரை மணிவரை அந்த இடத்தை வைத்திருக்க வலி நன்றாகக் குறையும். அந்த நஞ்சின் புரதம் சூட்டில் கெட்டுவிடும். நீரின் சூட்டை அடிபடாத கையால் பார்க்கவேண்டும், ஏனென்றால் அடிபட்ட காலுக்குச் சூடு தெரியாமல் போகலாம். தீமிதிப்பிலோ அடுப்படியிலோ பட்ட தீப்புண்ணுக்குக் குழாய் நீர் 20 நிமிடம். பற்பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பாம்பு கடித்தால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கக்கூடாது. கடிபட்டவரை அசையவிடாமல், கடிபட்ட உறுப்பைப் பலகையோடு முக்கோணத் துணியால் கட்டி, நேரே வைத்தியசாலை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் எதிரான நச்சுமுறி மருந்து அங்கேதான் கிடைக்கும். பரிசாரியாரிடம் மரியாதை இருக்கட்டும். அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நேரத்தை விடாதீர்கள். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் இரவில் கடித்தால் வலிகூடத் தெரியாமல் இருக்கலாம். விடியலில் கண்ணிமை கனத்துச் சரிவதே முதல் அறிகுறியாக வரும்.

2004 டிசம்பர் 26 காலை கல்லடி, நாவலடி, டச்பார் கரைகளில் அலை ஏறியபோது முதலில் கைகொடுத்தவர்கள் சீருடைக்காரர்களல்லர், தப்பிய அயலவர்கள். பெரும் அனர்த்தம் எங்கு நடந்தாலும் நிலை இதுவே. சீருடையின் பயனை இத்தனை தூரம் சொன்ன நான் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்: திருவிழாவுக்குச் சீருடைத் தொண்டரை அழைக்கலாம், விபத்துக்கு முன்கூட்டி அழைக்க முடியாது. ஆகவே சீருடைக்குள் இருக்கும் படிப்பு ஊர் முழுக்கப் பரவவேண்டும்.

ஆலய வண்ணக்கர்மாரே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, தேவாலயச் சபையினரே, உங்கள் அடுத்த பெருவிழாவில் முதலுதவிக் கொட்டிலைக் கடைகளுக்குப் பின்னால் ஒதுக்காதீர்கள். வெளிச்சமும் தண்ணீரும் உள்ள இடத்தில், ஒரு தூக்குப்படுக்கை வெளியேற வழிவிட்டுப் போடுங்கள். மீனவர் சங்கங்கள் ஒவ்வோர் இறங்குதுறையிலும் ஒரு நீண்ட கயிறும் மிதப்புக் கேனும் கட்டிவைக்கலாம், செலவு அதிகமில்லை. அதிபர்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காவது நெஞ்சமுக்கமும் மூச்சூதலும் கைப்பழக்கமாகக் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தையோ சென் ஜோன்ஸையோ தொடர்புகொண்டு அடுத்த பயிற்சி எப்போது என்று இந்த வாரமே கேளுங்கள். வாசிக்கும் நீங்களும் உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.